கேலிக்கும் முறை வேண்டும்

உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்னுடையது. ஆனால் எனக்கு உட்காரத் தெரியாது. ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய்த் துணி காயப்போடுவேன். திரும்பி வந்து படித்தால் அந்த வரி பிடிக்காது. அழித்துவிட்டு, வாசல் கேட்டைத் திறந்து தெருவைப் பார்ப்பேன். சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் ஸ்கூடாயில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்தம்மா ஏன் காலையிலிருந்து கேட்டைத் திறந்து திறந்து மூடுகிறாள் என்று அவர்கள் பேசிக்கொள்ளலாம். பேசட்டும்.

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். படத்தின் அடியில் வந்து போகிறதே, அந்த இரண்டு வரிகள். ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று கட்டுப்பாடு உண்டு. வெள்ளைக்காரன் ஒரு மூச்சில் சொல்லி முடிப்பதைத் தமிழில் எழுதினால் நாலு வரி வருகிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் அவன் அடுத்த ஆளிடம் பேசப் போயிருப்பான். 'சுருக்கவும்' என்று தொலைக்காட்சி அலைவரிசையிலிருந்து மின்னஞ்சல் வரும். சுருக்கிக் கொடுத்தால், 'விளங்கவில்லை, விளக்கவும்' என்று வரும். சுருக்கவும் வேண்டும், விளக்கவும் வேண்டுமாம். எழுதியவர் வந்து உட்கார்ந்து ஒரு நாள் செய்து காட்டட்டும்.

அந்த ஊர்க் கொச்சைச் சொற்கள்கூடப் பெரிய பாடில்லை. எனக்கு முன்னால் இதையெல்லாம் ஒரு கணினியிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். தன் அணி தோற்றதில் மனம் நொந்துபோன ஒருவன் பேசியதை அது 'என் குடலை உருவிவிட்டார்கள்' என்று எழுதி வைத்தது. இப்படிச் செய், அப்படிச் செய், காரியம் முடிந்தது என்பதற்கு அங்கே 'பாப் உன் மாமா' என்பார்கள். கணினி அதை அப்படியே போட்டுவிட்டது. அந்த மாமா யார், தாய்மாமனா, அத்தையைக் கட்டியவரா, கடைசிவரை ஆளைக் காட்டவே இல்லையே என்று ஒரு நேயர் கேட்டு எழுதினார். அதற்கப்புறம்தான் அலைவரிசைக்கு என் நினைவு வந்தது.

சொல் என்றால் தேடி எடுத்துவிடலாம். அவர்களுடைய கேலிதான் கைக்கு வராது. ஒருவன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பான். அவனுடைய உயிர் நண்பன் உள்ளே வந்து, 'பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் வழக்கத்தைவிடப் பரவாயில்லை' என்பான். கட்டிலில் கிடப்பவன் சிரிப்பான். பின்னால் கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் கேட்கும். நம் வீட்டுச் சோபாவில் இருப்பவர்கள் மட்டும், என்ன ஜென்மம் இது, கையில் நாலு ஆரஞ்சுகூட இல்லாமல் வந்திருக்கிறானே என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தொடர்களில் பிடித்தவனைத்தான் வாருகிறார்கள். பிடிக்காதவனிடம் ப்ளீஸ், தேங்க்யூ என்று தேனாகப் பேசுகிறார்கள். இதை இரண்டு வரியில் எப்படிச் சொல்வது?

நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். நம்மிடம் கேலி இல்லாமலா இருக்கிறது? கல்யாண வீட்டில் மாமனும் மச்சானும் பேசிக்கொள்வதை அப்படியே எழுதிக் கொடுத்தால் போலீஸ் வந்துவிடும். ஆனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் முறை இருக்கிறது. மச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம், சம்பந்தியிடம் வாயைத் திறக்கக் கூடாது. முறை தெரிந்துவிட்டால் சிரிக்கலாமா கூடாதா என்பது பார்ப்பவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். அதனால் அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் நண்பனின் வாயில் ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'பார்க்கச் சகிக்கல மச்சான்.' அவ்வளவுதான், காட்சி பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் திட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு மச்சான், ஒரு மாப்ள. என் வரிகளைச் சரிபார்க்கும் அம்மாள் கோலாலம்பூரிலிருந்து அழைத்தார். "ஏம்மா, இது லண்டனா, இல்ல எஸ்டேட் கல்யாணமா? எல்லாரும் எல்லாருக்கும் மச்சானா இருக்காங்க," என்றார். "சிரிப்பு வருதா இல்லையா, அதச் சொல்லுங்க," என்றேன். வருகிறது என்றார். அப்புறம் என்ன?

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஒரு பெரிய கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். குளிர்சாதனம், தண்ணீர்க்குழாய், மின்தூக்கி எல்லாம் அவர் பொறுப்பு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடந்து போவார், பொழுது சாய்ந்து வருவார். பாலோ என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு குறைவு, ரோஷம் அதிகம். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் என்று அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்தில் மட்டும் ஆளே மாறிவிடுவார். மச்சான் முறைக்காரர்கள் அவர் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவருடைய அலுவலகத்துக்கு இங்கிலாந்துக்காரர் ஒருவர் மேலாளராக வந்தார். ஏறக்குறைய இவர் வயதுதான், தனி ஆள். வந்த சில வாரங்களிலேயே இவருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரு நாள் பாலத்தில் நெரிசல். இவர் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மேலாளர் எல்லார் முன்னாலும், 'எங்களோடு வந்து கலந்துகொண்டதற்கு ரொம்ப நன்றி' என்றாராம். இன்னொரு நாள், யாராலும் சரிசெய்ய முடியாத ஒரு இயந்திரத்தை இவர் ஓடவைத்திருக்கிறார். அதற்கு, 'பரவாயில்லையே, குருட்டாம்போக்கில் அமைந்துவிட்டது போல' என்றாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று பேசினார். "அந்தாளு என்னைய நக்கல் பண்றான். மழையில நனைஞ்சு, பாஸ்போட்ட நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டுப் போய்ச் சேந்தா, ஆளுங்க முன்னாடி நக்கல். எங்கப்பா காலத்துத் தொரை திட்டுவான், ஆனா சிரிக்கமாட்டான். இவன் சிரிக்கிறான். நான் வேலைய விடப்போறேன்."

அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஒரு தடவை சொல்லிவிட்டால் செய்துவிடுவார். இந்த வயதில் இக்கரையில் அவருக்கு யார் வேலை தரப்போகிறார்கள்? தெப்ராவ் தொழிற்சாலை வாசல்களில் சின்ன வயதுக்காரர்களே வரிசையில் நிற்கிறார்கள். அதுவும் போகட்டும், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் இந்த மனிதர் என்ன ஆவார்? எங்கள் வீட்டில் உட்காரத் தெரியாதவள் ஒருத்தி போதும்.

"அது நக்கல் இல்லைங்க," என்றேன். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க ஊர்ல அப்படிச் சொல்லமாட்டாங்க. நான் நாள் பூரா இதத்தானே பாக்குறேன். கேலி பண்ணா நல்லது. அத நிறுத்திட்டு மரியாதையா பேச ஆரம்பிச்சாத்தான் பயப்படணும்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, எனக்கும் அவனுக்கும் என்ன மொறை? எந்த மொறையில கேலி பண்றான்?"

நேயர்கள் கேட்கிற அதே கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் தட்டச்சுச் செய்வதுபோல வாய் சொல்லிவிட்டது. "மச்சான் மொறைன்னு வெச்சுக்குங்களேன்."

"அப்ப நானும் பேசலாம்?"

"பேசலாம்."

"கோவிச்சுக்கமாட்டான்?"

"மச்சான் எங்கயாவது கோவிச்சுக்குவானா?"

அடுத்த முறை பாலத்தில் நெரிசல் வந்தபோது மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'மாலை வணக்கம்' என்றிருக்கிறார். இவர் அசராமல், 'நான் வரும்வரைக்கும் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருந்தீர்களே, அதற்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஒரு விநாடி விழித்துவிட்டு, தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாராம். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வந்து இதை எனக்கு நடித்தே காட்டினார், அவர் எப்படி விழித்தார், எப்படித் தட்டினார் என்பதெல்லாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அலுவலகக் கதையை அவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் வீடே மாறிவிட்டது. சாயங்காலம் மோட்டார் சத்தம் கேட்டதும் நான் டீயை நுரை வர ஆற்றித் தே தாரிக் கலக்குவேன், அவர் அன்றைய கணக்கைச் சொல்வார். அவன் இப்படிச் சொன்னான், நான் இப்படிக் கொடுத்தேன். "நாளைக்குப் போட ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். தொடர்களிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துக் கொடுப்பேன். பிறகு அவரே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார். பாலத்து நெரிசலைப் பற்றிய புலம்பல் நின்றுபோனது. வேலையை விடுவது என்ற பேச்சே எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவர் வேகத்தைப் பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. இவர் அதைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே மச்சானாகிவிட்டார்.

தீபாவளி முடிந்து வேலைக்குப் போனபோது ஒரு டின் முறுக்கு கொண்டுபோனார். எல்லாரும் மேலாளர் அறையில் நின்று சாப்பிட்டிருக்கிறார்கள். மேலாளர் ஒன்றைக் கடித்துவிட்டு, 'இது தின்பதற்கா, சுவர் கட்டுவதற்கா?' என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மேசையில் ஒரு படம் இருந்தது. மேலாளரும், அவரைப் போலவே மூக்கும் தாடையும் உள்ள ஒரு பெண்ணும். தங்கை என்று பார்த்தவுடன் தெரியும். மச்சானை மடக்குவதற்கு நம் ஆட்கள் வழிவழியாகப் போகிற பாதை ஒன்றுதானே? இவர் படத்தைக் காட்டி, 'உங்கள் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்திருந்தால் பல்லுக்குப் பதமாகச் செய்து தந்திருப்பாள்' என்று சொல்லிவிட்டார்.

"அதுக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'ஆமா, செஞ்சிருப்பா'ன்னான். ரொம்ப நல்லாருக்கு, தேங்க்யூன்னான். வாயத் தொடச்சுக்கிட்டுக் கணினியப் பாக்க ஆரம்பிச்சிட்டான்."

"சிரிச்சாரா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சிரிக்கல," என்றார்.

மறுநாளிலிருந்து மரியாதை ஆரம்பித்தது. 'உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் இதைப் பார்க்க முடியுமா?' 'உங்கள் உதவிக்கு மிகவும் நன்றி.' நெரிசலில் மாட்டி வெகுநேரம் கழித்துப் போன ஒரு நாள், 'ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாராம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சாயங்காலமும் இதை வந்து சொல்வார், குரலே எழும்பாது. "நீதானே சொன்ன, மரியாதையா பேசினாத்தான் பயப்படணும்னு," என்பார். நான் சொன்னதுதான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அந்த நாட்களில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. துடைத்த தரையையே துடைத்தேன். சீட்டுக் கிழிக்கப்போகிறார்கள், அதற்குத்தான் இந்தப் பணிவு என்று ஒரு நேரம் தோன்றும். இல்லை, இவரே கோபத்தில் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நிற்கப்போகிறார் என்று இன்னொரு நேரம் தோன்றும். கைப்பேசி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால் சரிபார்க்கும் அம்மாள், 'அந்த ஏழாவது காட்சி' என்று ஆரம்பிப்பார்.

அப்போது என் கையில் இருந்தது ஒரு சாவு வீட்டுக் காட்சி. எனக்கென்று வந்து வாய்த்தது பாருங்கள். தகப்பன் செத்துப்போன வீட்டில் எல்லாரும் கூடி நின்று ரொட்டியைப் பற்றியும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒருவர்கூட மகனிடம் போய் அப்பா எப்படிப் போனார் என்று கேட்பதில்லை. நம் ஆட்கள் இதைப் பார்த்தால் காறித் துப்புவார்கள். அலைவரிசை இந்த மாதிரி இடங்களுக்கு நேயர் குறிப்பு ஒன்று கேட்கும். 'துக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்காமல் தனியாக விடுவதே அங்கே மரியாதை' என்று எழுதி அனுப்பினேன். அருமை, ஒரு எழுத்து மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்து மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுதிக்கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு செத்துப்போச்சாம்," என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"படத்துல இருந்த பொண்ணு. அவன் தங்கச்சி."

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் மலாய்க்கார அம்மாள் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில், மேலாளர் இங்கே வந்த புதிதில், தங்கை ஊரில் இறந்துபோனாள். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில நாளில் திரும்பி வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தங்கையைத் தவிர அவருக்கு வேறு யாரும் இல்லையாம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமத்தானே சொன்னீங்க," என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம அவன் வீட்டுக்குப் போறேன். துக்கம் விசாரிச்சுட்டு வர்றேன்."

"ஐயோ, வேணாங்க. அவங்க ஊர்ல அப்படியெல்லாம் போகமாட்டாங்க. போய்க் கிளறினா இன்னும் கஷ்டமாயிரும். அவரா சொல்லாதத நாம தோண்டிக் கேக்கவே கூடாது. திங்கக்கெழம ஒரு வார்த்த, சாரின்னு சொல்லுங்க. போதும்."

"ஒரு வார்த்தையா?" என்றார்.

"அது அவங்க மரியாதை. நான் இதத்தாங்க எழுதிக்கிட்டிருக்கேன்."

அப்போது எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "நான் மொறை கேக்கலையே, நீதான் வெச்ச. மச்சான்னு நீதான் சொன்ன. கேலி பண்றதுக்கு மட்டும் மச்சான், சாவுக்கு மட்டும் அந்நியனா? மச்சான் வீட்டுச் சாவு காதுல விழுந்த பெறகும் போகலைன்னா நான் என்ன மனுஷன்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அது டீவிக்குச் சொன்னது ஐயா, உங்களுக்கு இல்லை என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. நேயர்களுக்காக நான் போட்ட மச்சான் சிரித்துவிட்டுத் திரையோடு போய்விடுவான். அவனுக்கு வீடு கிடையாது, சாவு கிடையாது. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மச்சானோ பந்தலுக்குக் கால் நடுகிறவன், பாடைக்குத் தோள் கொடுக்கிறவன்.

"போய்ட்டு வந்த பெறகு அந்த வேலைக்குப் போறதில்ல," என்றும் சொன்னார். "விசாரிக்க வேண்டியது என் கடமை. ஆனா அவன் முன்னால தெனமும் போய் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வெறும் கையோடு போகிறாரே என்று ஒரு பையில் ஆப்பிள் போட்டு நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். துக்கம் கேட்கப் போகிற வீட்டுக்கு யாராவது பழம் கொண்டுபோவார்களா? எனக்குத் தெரியாததா? பதற்றத்தில் ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் என் புத்திக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது. மோட்டாரை எடுக்காமல் பேருந்து பிடிக்கப் போனார்.

அவர் போன பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன். அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்தேன். அந்த வெள்ளைக்காரர் கதவைத் திறந்து, இவர் முகத்தைப் பார்த்து, ரொம்ப நன்றி, இப்போது வசதிப்படாது என்று சொல்லிச் சாத்துவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதற்கு அடியில் இரண்டு வரி சப்டைட்டில்கூட ஓடியது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க. பக்கத்து வீட்டு மாணவர்கள் கூடைப்பந்து தட்டும் சத்தம் மண்டைக்குள் விழுந்தது. வெளியே போய் நிறுத்தச் சொல்லலாம் என்று கேட்வரை போனேன், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று திரும்பி வந்தேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில் வந்தார். வாசல் வழியாக வராமல் நேராகப் பின்பக்கம் போய், குளிக்கத் துண்டு கேட்டார். துண்டைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"என்ன ஆச்சு?"

"கதவத் தொறந்தான். உள்ள வாங்கன்னான். டீ போட்டான். மழையப் பத்திப் பேசினான். நான் எதுவும் பேசாம உக்காந்திருந்தேன். அப்புறம் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன்."

"கையப் பிடிச்சீங்களா?"

"பின்ன? துக்கம் கேக்கப் போனா கையப் பிடிக்காம?" சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "மொதல்ல ஒண்ணும் சொல்லல. நான் விடல. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சான் பாரு, ஆஸ்பத்திரி, பிளேன் டிக்கெட் கெடைக்காதது, சின்ன வயசுல ரெண்டு பேரும் சண்ட போட்டது, எல்லாத்தையும் சொன்னான். அழுதான். அப்புறம் மறுபடி டீ போடுறேன்னு குசினிக்குப் போனான். நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

"வந்துட்டேன்னா? சொல்லிட்டு வரலையா?"

"சாவு வீட்டுல சொல்லிட்டு வருவாங்களா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வாளியில் கிடந்த துணியை எடுத்து அலச ஆரம்பித்தேன். அந்த ஊரில் ஒருவன் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் எழுந்து போவதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியுமா? துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போன அவருடைய கைப்பேசி அப்போது ஒலித்தது. மேலாளரின் குறுஞ்செய்தி என்று கதவருகே சொன்னேன். "நீயே படி. எனக்கு வேணாம்," என்று உள்ளிருந்து சொன்னார்.

அவ்வளவு பணிவான ஆங்கிலத்தை நான் தொடர்களில்கூடப் பார்த்ததில்லை. வந்ததற்கு நன்றி. நான் தேநீரோடு திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. மின்தூக்கிவரை வந்து தேடினேன். உங்கள் மனம் புண்படும்படி ஏதாவது சொல்லிவிட்டேனா? அப்படியானால் மன்னிக்கவும்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று பதில் எழுதினேன். நான் அவர் மனைவி என்று ஆரம்பித்தேன். எத்தனையோ வருஷமாக அவர்களை நமக்கு விளக்கி வந்தவள், நம்மை அவர்களுக்கு விளக்க ஒரு வரி கிடைக்காமல் எழுதினேன், அழித்தேன். சுருக்க முடியவில்லை. சுருக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் மொழியில் விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்போம், சாவு நடந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடாது, அப்படி ஒரு காரியத்துக்காக இன்னொரு முறை வருவோம் என்று ஆகிவிடும், அதனால் பேசாமல் எழுந்து போவோம், அதுதான் அந்த வீட்டுக்கு நாங்கள் காட்டும் மரியாதை என்று எழுதினேன். உங்கள் தங்கையைப் பற்றி அவர் சொன்னது உங்களைத் தன் குடும்பத்து ஆளாக நினைத்துச் சொன்னது, அவள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் எழுதினேன். திரும்பப் படித்தால் அழித்துவிடுவேன் என்று பயந்து அனுப்பிவிட்டேன்.

பதில் வரக் காணோம். அவர் குளித்து முடித்து, வேட்டி மாற்றி, கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கைப்பேசியை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டு நடந்தேன். "கொஞ்சம் உக்காரேன்மா," என்றார். நான் உட்காரவில்லை. சன்னலுக்கு வெளியே விளக்குப் போடுகிற நேரமாகிவிட்டது. அப்போதுதான் வந்தது.

"என்ன எழுதியிருக்கான்? கோவமா?"

"கோவம் இல்லைங்க," என்றேன். ஒரு தடவை எனக்குள் படித்துவிட்டு, பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவருக்குத் தமிழில் சொன்னேன். 'இங்கே எல்லாரும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒருவர்கூட எதுவும் கேட்காமல் என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது உங்கள் கணவர் ஒருவர்தான்.'

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், குளித்த ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த மனிதர் நாளைக்கு வேலைக்குப் போவாரா மாட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "சாப்ட்டானான்னு கேளு," என்றார்.

கேட்டேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. இன்னும் இல்லை என்று உடனே பதில் வந்தது.

"நெனச்சேன்," என்றார். "அந்த வீட்டுல அடுப்புப் பத்தவெச்ச மாதிரியே இல்ல. நாளைக்கு எனக்குச் சோறு கட்டுறப்ப அவனுக்கும் சேத்துக் கட்டு. உறைப்பக் கொஞ்சம் கம்மியாப் போடு."